சகலையும் அட்மின் அனுமதியும்

கல்யாணமான ஆம்பளைக்கு வரும் நோய்களில் மருந்தே இல்லாதது சகலைமேல் வரும் பொறாமை. எனக்கு அது முற்றிப்போயிருந்த சமயம்.

என் சகலை ஜெரால்டு கொட்டிவாக்கத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோபாலபுரத்தில் இருக்கும் எங்கள் மாமனார் ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர். ஒருநாள் ஜெரால்டு வீட்டுக்குப் போய்வந்தவர் ஆரம்பித்தார்.

"சின்ன மாப்ள வீட்ல கம்ப்யூட்டர ஆன் பண்ணா போதும், பாடத்தையெல்லாம் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் தானா ஓடுது. இங்க தினமும் 'அனுமதிக்கலாமா?'ன்னு கேட்டு உயிர எடுக்குது."

(என் பிறந்தநாள் நினைவில்லாதவருக்கு அவன் வீட்டு பேக்கப் நினைவிருக்கிறது!)

"இது ஒரு விஷயமா மாமா? நான் பண்ணித் தரேன்."

நான் பேங்க் கிளார்க். ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே அட்மின் அதிகாரத்தோடு ஒரு வேலையை ஓடவிட்டால், அது யாரையும் அனுமதி கேட்காதாம். "தேவையானதுக்கு மட்டும் அதிகாரம் குடுங்க, முதல்ல சோதிச்சுப் பாருங்க" என்று வந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டேன். மாமனார் கம்ப்யூட்டரில் பேக்கப்புக்கான கட்டளை ஃபைலை அப்படியே எழுதி வைத்தேன். ஆனால் ஜெரால்டு செய்ததையே செய்தால் எனக்கென்ன பெருமை? மாமனார் கம்ப்யூட்டரை அணைக்க மறப்பவர். எனவே தானாகவே அணையும்படி அதே ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியும் ஆன் செய்ததுமே ஓடும் என்பது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மாலை புது டியூஷன் பேட்ச். பிடித்தால் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று பெற்றோரும் பார்க்கும் முதல் வகுப்பு. இஸ்திரி சட்டையோடு மாமனார் ஆன் செய்தார். பாஸ்வேர்டில் விரல் வைப்பதற்குள் அணைந்தது. மறுபடி ஆன். மறுபடி அணைந்தது.

"என்ன மாப்ள, கண்ணத் தொறந்ததும் மூடிக்குது?"

"அப்டேட் ஆகுது மாமா."

"ஜெரால்டுக்குப் போன் போட்டுட்டேன்" என்றாள் என் மனைவி. அதற்குக் கம்ப்யூட்டர் வெடித்தே போயிருக்கலாம்.

மாமனார் மொபைலில் வகுப்பெடுத்தார். பெற்றோர் அல்ஜீப்ராவைவிட அவர் மூக்குத் துவாரத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். அந்த பேட்ச்சில் பாதிப்பேர் சேரவில்லை.

ஜெரால்டு வந்தான். என் வரியை நீக்கினான். பேக்கப்புக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தான். வேறு யாரும் அந்த ஃபைலில் கை வைக்க முடியாதபடி பூட்டினான். "விடுங்க அண்ணே, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றான். மாமியார் அவனுக்கு வஞ்சிரம் வறுத்தார். எனக்கு ரசம்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் எனக்கென்று தனிக் கணக்கு. கடிகாரத்தைத் திருத்தக்கூட பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு ஜெரால்டிடம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் நான் இரண்டாவது முறை பிரியாணிக்குக் கை நீட்டும்போது, "அத்தான், அட்மின்கிட்ட கேட்டீங்களா?" என்பாள் கொழுந்தியாள். வீடே சிரிக்கும். ஜெரால்டு மட்டும் சிரிக்காமல், பெருந்தன்மையாக ஒரு லெக் பீஸை என் தட்டில் வைப்பான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.