எட்டு புள்ளி எட்டு

பூமி எல்லோரையும் ஒரே மாதிரிதான் இழுக்கும் என்ற பழம் பஞ்சாங்கத்தைத் தனியொரு கல்லூரியாக நின்று கிழித்தெறிந்தவர்கள் நாங்கள். புவியீர்ப்பு முடுக்கம் உலகத்துக்கெல்லாம் ஒன்பது புள்ளி எட்டு. எங்கள் வளாகத்தில் மட்டும் எட்டு புள்ளி எட்டு!

கண்டுபிடித்தவர் எங்கள் முதல்வர். நூலில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டி ஆடவிட்டார். நூலின் நீளத்தையும் ஆடிய நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். அருகில் நின்ற நான், இயற்பியல் விரிவுரையாளன், மெல்ல வாயைத் திறந்தேன்.

"சார், நூலை மட்டும் அளந்துட்டீங்க. குண்டோட நடு வரைக்கும் அளக்கணும். அதான் விடை குறைஞ்சு வருது."

"குண்டைப் பத்தி இப்ப என்ன பேச்சு? ஒல்லியாகறதைப் பத்திப் பேசுங்க. இழுப்பு குறைஞ்சா எடையும் குறையும்ல?"

அடுத்த வாரமே விளையாட்டு அரங்கில் 'ஈர்ப்புக் குறைப்பு மையம்' உதயமானது. பட்டினி வேண்டாம், ஓட்டம் வேண்டாம். உள்ளே காலை வைத்தால் பத்தில் ஒரு பங்கு எடை பறந்துவிடும். எடை பார்க்கும் கருவி மட்டும் இதை ஏற்க மறுத்தது. முதல்வர் அதன் முள்ளைப் பின்னுக்குத் தள்ளி, அதற்கும் 'பயிற்சி' அளித்தார்.

முதல் ஆளாக வந்து நின்றவள் என் அக்கா. முள்ளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள்.

"டேய், கல்யாணத்தன்னிக்கு இருந்த எடைடா!"

"அக்கா, அது பொய்க்கா."

"பொறாமை புடிச்சவனே! நான் நல்லா இருந்தா உனக்கு என்னிக்குப் பொறுத்திருக்கு?"

சொன்ன வேகத்தில் அரங்கத்து மேடையில் ஏறினாள். "இறகு மாதிரி இருக்கு!" என்று கூவியபடி குதித்தாள். பூமி, முதல்வரின் சுற்றறிக்கையைப் படிக்காத பூமி, கறாராக ஒன்பது புள்ளி எட்டில் இழுத்துக்கொண்டது. கணுக்கால் முறிந்தது.

"எப்படிம்மா விழுந்தீங்க?" என்றார் மாவுக்கட்டு போட்ட டாக்டர்.

"விழல டாக்டர். மிதக்கத்தான் பார்த்தேன்."

நீதி தவறாத எங்கள் கல்லூரி உடனே விசாரணைக் குழு அமைத்தது. தலைவர், முதல்வர். உறுப்பினர், அவரே. தீர்ப்பு வந்தது: 'குதித்த பெண்மணியின் கால்கள் அச்சமயம் தரையில் இல்லை. ஆகவே அவர் வளாகத்திலேயே இல்லை. வெளியார் விபத்துக்குக் கல்லூரி பொறுப்பாகாது.' ஆசிரியர்கள் அனைவரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க முதல்வர் இப்ப எங்கடா இருக்காரு?"

"நாற்காலியிலதான்."

"கைதட்டின கையால அதைக் கொஞ்சம் இழுங்கடா. எந்த வேகத்துல விழறாருன்னு நான் அளந்து சொல்றேன்."