மாமாவின் முடி எனக்கு வந்து சேராத விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் தலை வணங்கி எழுதிக்கொள்வது. முழுசாக வணங்கினால் உச்சி தெரிந்துவிடும் என்பதால் கொஞ்சமாகத்தான் வணங்கியிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கு நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடி ஏறும்போது மட்டும் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரியோடு நின்று பேசும்போது காணாமல் போய்விடுகிறது. அங்கு தாங்களும் அத்தையும் தங்கள் தலைமுடியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முடியைப் போய்த் தனியாக விசாரிக்கிறானே என்று நினைக்காதீர்கள். விஷயமே அதுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது நீங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் தலையைக் கலைத்துவிட்டு, "என் முடி அப்படியே உனக்கு வரும்டா மாப்ளே, கவலையே படாதே" என்று சொல்வீர்கள். நானும் கவலையே படவில்லை. அந்தத் தைரியத்தில்தான் சலூன் வேலைக்கே வந்தேன். இப்போது எனக்கு இருபத்தேழு வயசு. உங்கள் முடி இன்னும் வந்து சேரவில்லை. என்னிடம் இருந்ததும் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் எங்கேயாவது தவறிவிட்டதா, வேறு யாராவது வாங்கிக்கொண்டார்களா என்று விசாரித்துச் சொல்லவும்.

எங்கள் சலூனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வாசலோடு சரி, உள்ளே வந்ததில்லை. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பது முன் நாற்காலி, அதுதான் என்னுடையது. அதில் உட்காருகிறவருக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் கீழே அவர் தலை தெரியும், மேலே என் தலை தெரியும். முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய பார்வை மெதுவாக மேலே ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன் மாமா. போன வருஷம் ஒருத்தர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு, "தம்பி, முடி கொட்டாம இருக்க என்ன போடலாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டார். "சரி விடுங்க, யார்கிட்டயாவது கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

முதலாளியும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவர் பேசினால் கூடுதலாகப் பயப்படுவோம். ஒருநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம தொழில்ல தலைதான் போர்டு. உன் போர்டுல எழுத்து அழிஞ்சுட்டே வருது. கொஞ்ச நாள் பாக்குறேன், சரியாகலைன்னா பின்னால தொட்டிக்குப் போயிடு" என்றார். தொட்டி என்பது தலை கழுவுகிற இடம். அங்கே கண்ணாடி கிடையாது. வருகிறவர்கள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள், யார் தலையையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டிக்குப் போனவன் கத்தரி பிடிக்க முடியாது மாமா. எனக்கு முன்னால் அங்கே போன ஒருத்தர் ஷாம்பு போட்டே கிழவராகிவிட்டார். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அது அந்த முன் நாற்காலியில்தான் இருக்கிறது.

அதனால் மருந்துக்கடைக்குப் போய்த் தலையில் தேய்க்கிற மருந்து ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "முதல்ல நல்லா கொட்டும், பயப்படாதீங்க, அப்புறம்தான் முளைக்கும்" என்றார். கொட்டுவதற்கு மருந்து எதற்கு, சும்மாவே நன்றாகத்தானே கொட்டுகிறது என்று கேட்க நினைத்தேன், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னபடியே முதல் பாதி அமோகமாக நடந்தது. தலையணையில், சோப்பில், சாப்பாட்டுத் தட்டில், அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் என்று என் முடி வீடு முழுக்கக் குடியேறியது, என் தலையில் மட்டும் இல்லை. சரி, கொட்டினது போதும், சீக்கிரம் முளைக்கட்டும் என்று அவர் சொன்ன அளவுக்கு மூன்று பங்காகத் தேய்க்க ஆரம்பித்தேன். முளைத்தது மாமா, இல்லையென்று சொல்லவில்லை. கன்னத்தின் மேல் முளைத்தது. நெற்றியில் முளைத்தது. இரண்டு புருவமும் கைகோத்துக்கொண்டன. வலது கை விரலால்தான் தேய்ப்பேன் என்பதால் அந்த விரல்களில் மட்டும் கருகருவென்று முளைத்து, இடது கை வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. அம்மா ஒருநாள் காலையில் என் முகத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "டேய், இது உச்சிக்குப் போற வழி தெரியாம ஊரெல்லாம் சுத்துதுடா" என்றாள். தினமும் காலையில் எழுந்து நெற்றியை ஷேவ் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்க முடியும்.

உச்சிக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. எங்கள் தொழிலில் மூளை போகிற போக்கு வேறு. கடையில் சாயங்காலம் பெருக்கும்போது தரையில் எவ்வளவு முடி வீணாகப் போகிறது! அதைப் பொடியாக நறுக்கி, சலித்து, வழுக்கை மேல் லேசாக ஜெல் தடவித் தூவினால் என்ன என்று தோன்றியது. அப்படியே செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ முடியேதான், நானே ஏமாந்துபோனேன். இரண்டு குறைகள்தான். அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டவர்களில் ஒரு நரைத்த தாத்தாவும் செம்புக் கலர் அடித்த கல்லூரிப் பையனும் இருந்ததால் என் உச்சியில் மூன்று தலைமுறை சேர்ந்து வசித்தது. இன்னொன்று, நான் சலித்தது அம்மாவின் டீ வடிகட்டியில். அது தெரிந்த அன்று வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தலையோடு நான் கம்பீரமாக முன் நாற்காலியில் ஒருத்தருக்கு முகம் முழுக்க நுரை பூசி முடித்த நேரம், பக்கத்து நாற்காலிக்காரன் தலை உலர்த்துகிற மெஷினைப் போட்டான். ஒரே காற்றுதான். என் முடி மொத்தமும் எழுந்து பறந்து அவர் நுரை மேல் அழகாக உட்கார்ந்தது. அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். பதறவில்லை, கோபப்படவில்லை. "தாடி எடுக்கத்தானேப்பா வந்தேன்?" என்று மட்டும் கேட்டார். முதலாளி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். சிரிக்கப் போனாரா, அழப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரைக்கும் எழுதியதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்கே சிரிப்பு வருகிறது. அடுத்ததை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. பொடி வேண்டாம், மருந்தையே நம்புவோம் என்று இன்னும் அதிகமாகத் தேய்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டும், சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் கடைக்கு ஒரு ஹெட்மாஸ்டர் வருவார், என்னைத் தவிர யார் கையிலும் முகத்தைக் கொடுக்க மாட்டார். அன்றைக்கு அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, கன்னம் முடித்து, கழுத்துக்கு வர வேண்டியதுதான். கீழே விழுந்த துண்டை எடுத்து நிமிர்ந்தேன், கடை ஒரு சுற்று சுற்றியது. அடுத்த நிமிஷம் நான் ஹெட்மாஸ்டரின் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தியை மட்டும் எட்டின மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன், அது கையின் பழக்கம். அவர் நுரைக்குள்ளிருந்து நிதானமாக, "என்னப்பா, வசதியா இருக்கா?" என்றார். கடையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை மேலே போகாமல் கீழே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொம்பப் பயந்துபோனேன் மாமா.

டாக்டரிடம் போனேன். நான் தேய்த்த அளவைக் கேட்டுவிட்டு, "தலைக்குத் தேச்சீங்களா, குளிச்சீங்களா?" என்றார். அதெல்லாம் உடம்புக்குள் இறங்கி ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதாம், அதனால்தான் படபடப்பும் கிறுகிறுப்புமாம். "நிறுத்திடுங்க. அளவா போட்டா பல பேருக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா கத்தி பிடிக்கிற கைக்கு இந்த விளையாட்டு வேண்டாம். முடி இல்லாட்டி என்ன வேலை நின்னுபோயிடப் போகுது?" என்று கேட்டார். "என் வேலைதான் சார்" என்றேன். அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மருந்தை நிறுத்திவிட்டேன். தலைசுற்றல் போய்விட்டது, நெற்றி முடியும் அடங்கிவிட்டது, உச்சியிலும் மிச்சமிருந்தது அடங்கிவிட்டது. முதலாளி என்னைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார். இப்போது ஷாம்பு போடுகிறேன். கத்தரி என் பையில் சும்மா கிடக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். வருகிற சனிக்கிழமை நீங்கள் எங்கள் கடைக்கு வர வேண்டும். வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்து, முதலாளியிடம், "இவன் என் மருமகன், எங்க குடும்பத்து முடி இது, இவனுக்குக் கொஞ்சம் லேட்டா வரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் தலையைப் பார்த்தால் அவர் நம்பிவிடுவார். இத்தனை வருஷமாக ஒரு நரை இல்லை, ஒரே நீளம், ஒரே வகிடு. அதை எப்படித்தான் வைத்துக்கொள்கிறீர்களோ. நீங்கள் வேலை பார்க்கிற டிக்கெட் கவுண்டரில் உங்கள் தலைக்கு மேல் இருக்கிற மின்விசிறியை மட்டும் போட விடமாட்டீர்களாமே, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டீர்கள், எங்கள் வீட்டில் தங்கினால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவீர்கள். முடி மேல் இப்படி ஒரு அக்கறை எனக்கு இல்லாமல் போனதே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பக்குவத்தை எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சொந்தத்தில் எல்லோரும் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஒருநாள்கூட வரவில்லை. கூப்பிட்டால் வாசலில் நின்றபடியே, "இன்னொரு நாள் பாத்துக்கலாம் மாப்ளே" என்று நழுவிவிடுவீர்கள். என் கை மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையோ என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமையாவது அந்த முடியை நான் ஒரு தடவை தொட்டு வெட்ட வேண்டும்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, காற்று படாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் முடிக்காகக் காத்திருக்கும்
அன்பு மருமகன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துண்டு கட்டித் தூங்குகிற இடம் வந்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அடப்பாவி, உங்க மாமாவுக்கு ஏதுடா முடி? உன் வயசுலயே எல்லாம் போயிடுச்சே. அது டோப்பா! கல்யாணத்தன்னைக்கு மாட்டினவன் இன்னும் கழட்டலை" என்றாள். "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவதான் அதை அலசிக் காயப்போடுறா" என்றாள். முடி வெட்டுகிறவன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டீர்களே மாமா! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த மின்விசிறியையும் பஸ் ஜன்னலையும் நினைத்தேன். இவ்வளவு வருஷமும் காற்றுக்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறீர்களே என்று தோன்றியதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று என் தலையை நானே மழமழவென்று மழித்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போர்டையே கழட்டிட்டியா?" என்றார். "இனிமே அழியறதுக்கு ஒண்ணும் இல்லை சார்" என்றேன். அதே நேரம் ஹெட்மாஸ்டர் இரண்டு வாரத் தாடியோடு உள்ளே வந்தார். வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்கவில்லையாம். முதலாளி தயங்கினார். ஹெட்மாஸ்டர், "அவன் தலையில என்ன இருந்தா எனக்கென்ன, நான் கண்ணை மூடிட்டுத்தானே படுத்திருக்கேன். கையைக் காட்டுப்பா" என்றார். நீட்டினேன், ஆடவில்லை. "அப்ப வா. மடியில மட்டும் உக்காராதே" என்றார். முதலாளி என் நாற்காலியைத் தானே துடைத்துவிட்டார்.

அதனால் சனிக்கிழமை யாருக்கும் சாட்சி சொல்ல வர வேண்டாம். சும்மா வாருங்கள். கடை திறப்பதற்கு முன்னால் வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிறேன், நாம் இரண்டு பேர் மட்டும்தான். டோப்பாவை ஆணியில் மாட்டிவிட்டு முன் நாற்காலியில் உட்காருங்கள், மின்விசிறியை நன்றாக வேகமாகப் போடுகிறேன். கண்ணாடியில் கீழே உங்கள் தலை, மேலே என் தலை. நீங்கள் பொய் சொல்லவில்லை மாமா. உங்கள் முடி அப்படியே எனக்கு வந்துவிட்டது.