பெல்ஜியத்துக்காரர் ஆரம்பித்து வைத்த வேலை

"பேண்டு செட்டுன்னு வாயைத் தொறந்தீங்க, பாத்துக்குங்க!" என்று சுப்புராயனை அவர் மனைவி கமலா எச்சரித்தபோது, பெண் பார்க்க வருகிறவர்களின் கார் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளை சின்னசேலத்தில் சொந்தக் கம்பெனி நடத்துகிறார் என்று தரகர் பூமாலை சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்ட இடத்தில், கல்யாண ஊர்வலத்தில் சாக்ஸபோன் ஊதுகிறவன் என்று எப்படிச் சொல்வது? மகளின் கல்யாணம் தன்னால் கெட்டுவிடக் கூடாதே!

மகள் ஜெயசுதா செல்போனில் தேடினாள். "இங்கிலீஷ்ல உங்கள சாக்ஸபோனிஸ்ட்னு சொல்லணும்ப்பா. பெல்ஜியத்துல அடால்ப் சாக்ஸ்னு ஒருத்தரு அந்த வாத்தியத்தைச் செஞ்சு, தன் பேரையே வெச்சுட்டாராம்."

"அது போதும்," என்றாள் கமலா. "பெல்ஜியத்தையும் அடால்ப்பையும் மட்டும் சொல்லுங்க. மீதியை முழுங்கிடுங்க. பொய்யும் இல்ல பாருங்க."

மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அம்மா ரங்கம்மாளும் தங்கை தனுஷாவும்தான் வந்தார்கள். காபியைக் கையில் வாங்கியதுமே ரங்கம்மாள் கேட்டுவிட்டார்.

"நீங்க இன்னா வேலை பாக்குறீங்க?"

"பெல்ஜியத்துல அடால்ப்புனு ஒருத்தருங்க. அவரு ஆரம்பிச்சு வெச்சது. இருபது வருஷமா அதுலதான் இருக்கேன்."

ரங்கம்மாளின் முகம் சுருங்கியது. இது போதவில்லை போலிருக்கிறது என்று கமலா முந்திக்கொண்டாள்.

"கோட்டு போட்டுக்கினுதான் போவாருங்க. வண்டி வூட்டுக்கே வந்து இட்டுக்கினு போவும்."

முகம் இன்னும் சுருங்கியது.

"லீவெல்லாம்?"

"ஆடியும் மார்கழியும் முழுசா லீவுங்க," என்றார் சுப்புராயன்.

"பெல்ஜியத்துல ஆடி மாசம் உண்டா?"

"அங்க எப்படியோ, இங்க உண்டுங்க."

ரங்கம்மாள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "பாட்டு, மேளம்னு ஏதாச்சும் பழக்கம் உண்டா?"

"ஐயய்யோ! அந்தச் சத்தமே இவருக்கு ஆவாதுங்க!" என்று கமலா பதறினாள். அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் சுத்தப் பொய்.

ரங்கம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயசுதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சுப்புராயன் வழியனுப்புகிற சாக்கில் வாசலுக்கு வந்தார்.

அங்கே செருப்பை மாட்டிக்கொண்டே தனுஷா அம்மாவிடம் அலுத்துக்கொண்டிருந்தாள்.

"சாக்ஸபோன் ஊதுறவரு பொண்ணுன்னு சொல்லி, அந்தப் பூமாலை நம்மள வேற வூட்டுக்கு அனுப்பிட்டாரே! அண்ணன் பேண்டு செட்டுல இனிமே யாரும்மா ஊதுவாங்க?"