ரங்கா வீட்டு வயர் நாற்காலி

பிறத்தியார் வீட்டில் பழைய சாமானைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். (என் வீட்டுப் பரணைப் பற்றிக் கேட்காதீர்கள்.) கைலாசபுரத்துத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். உடைந்த மேசை, ஓடாத மின்விசிறி, கால் போன ஸ்டூல் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, 'இனி உதவாது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கண்டம் பண்ணுவது என்று அதற்குப் பெயர். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள் ரங்கநாயகி. என் டிபன் பாக்ஸை அவளும் அவளுடையதை நானும் காலி செய்தே வேலைக்காலத்தைக் கழித்தோம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அவளுக்கு ஃப்ளாட். அவள் கணவர் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சென்னையில் மகள் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். முழுக் குடித்தனத்தையும் அந்த ஓர் அறைக்குள் அடக்கியாக வேண்டும்.

"எதையும் எடுத்துப் போடக் கை வரலைடி. நீ வந்து கூட இரு" என்று போனில் சொன்னாள்.

கூட இரு என்றுதான் சொன்னாள். நான் சிவப்பு மார்க்கரோடு போய் இறங்கினேன்.

ஹால் முழுக்கச் சாமான்கள். மூன்று குக்கர், இரண்டு கிரைண்டர், பிரிக்காத பெட்டியில் டின்னர் செட். எல்லாம் போனஸ் வந்த வருஷங்களில் வாங்கியவை. ரங்கா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுங்களை வாங்கறதுக்குத்தான் அத்தனை வருஷம் காலங்கார்த்தால பஸ் பிடிச்சு ஓடினோமா, கௌரி?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நானோ கிரைண்டர் மேல் பெருக்கல் குறி போட்டேன்.

அவள் காபி போட உள்ளே போனாள். கீழே பழைய இரும்புக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது. மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். பால்கனியில் ஒரு வயர் நாற்காலி இருந்தது. நடுவில் வயர் அறுந்து தொங்கியது, ஒரு கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, மேலே ஒரு துண்டு. பார்த்தவுடன் கண்டம். துண்டை மட்டும் மடித்து அழுக்குக் கூடையில் போட்டேன். (அவ்வளவு ஒழுங்கு எனக்கு.) கிரைண்டரோடு நாற்காலியும் வண்டியேறிப் போயிற்று.

ரங்கா இரண்டு டம்ளரோடு வந்தாள். நேரே பால்கனிக்குப் போனாள். அங்கேயே நின்றாள்.

"அவர் சேர் எங்கடி?"

அடுத்த நிமிஷம் நான் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் மாட்டிக்கொண்டது ரங்காவின் செருப்பு, ஒரு சைஸ் சின்னது. வண்டி போன திசையைக் கேட்டுக் கேட்டு, நொண்டி நொண்டிக் கடையைக் கண்டுபிடித்தபோது காரியம் முடிந்திருந்தது. வயரையெல்லாம் கத்தியால் அறுத்து ஓர் ஓரம் குவித்திருந்தார்கள். கம்பிச் சட்டம் இரும்புக் குவியலில் கிடந்தது.

"நீங்கதானம்மா எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?" என்றார் வண்டிக்காரர்.

நான்தான். என் கையெழுத்துக்குப் பிறகு சாமான்கள் என்ன ஆகின்றன என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். 

சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். கோயிலுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் என்னைக் காட்டித் தன் வீட்டுக்காரரிடம், "பாருங்க, வரிசையில உக்காரச் சேர் கொண்டுவந்திருக்காங்க. நமக்குத் தோணலையே" என்றார்.

சட்டத்தைப் பால்கனியில் வைத்தேன். ரங்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"துண்டு?"

"அழுக்குக் கூடையில."

எடுத்து வந்து உதறி, அதே இடத்தில் விரித்தாள். வயர் இல்லாத சட்டத்துக்குள் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. இன்னொரு முறை விரித்தாள். மறுபடியும் விழுந்தது. அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

சென்னைக்கு அவள் எடுத்துப்போனவற்றில் அந்தச் சட்டமும் ஒன்று. மகள் பச்சை வயரில் புதிதாகப் பின்னிக் கொடுத்தாளாம்.

விஷயம் எப்படியோ இரண்டு குடும்பத்திலும் பரவிவிட்டது. நான் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "கௌரி வந்தாச்சு. யாரும் சேரை விட்டு எந்திரிக்காதீங்க." என் வீட்டுக்காரர் கல்யாண மண்டபத்தில்கூட இதைச் சொல்லிவிட்டார். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போன மாதம் ரங்காவைப் பார்க்கச் சென்னை போனேன். எப்போதும் வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகிறவள், அன்று அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வாடி. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அரை மணி நேரமாயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. கையை ஊன்றி ஒருமுறை முயன்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே சாய்ந்துகொண்டாள்.

காபியை நான்தான் போட்டேன்.