அலுமாரிக்குள் தேடப்பட்ட ஆறு பிள்ளைகள்

சேசு மரி சூசை துணை

மொன்றியல்,
19.10.2007

என்றும் அன்பு குறையாத மருமகள் சர்மிளாவுக்கு,

குட்டி மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் செலீன் மாமியும் ஆண்டவர் கிருபையில் நல்ல சுகம், எனது இடது முழங்காலைத் தவிர. அங்கு ரொறன்ரோவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட முழுச் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இக்கடிதத்தைப் புவாண்ட்-கிளேரில் உள்ள பெரிய ஷொப்பிங் சென்ரரில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் ஒரு மேசையில் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். ஏன் மாமா வீட்டில் இல்லையென்று யோசியாதே. பெரிய காரியம் முடித்த ஆட்களுக்கு ஓய்வு வேண்டும்தானே.

நிற்க. நீயும் வீட்டில் பிள்ளை பார்க்கத் தொடங்கப்போகிறாயாம், கவுண்மேந்துப் பேப்பர்களுக்குப் பயப்படுகிறாயாம் என்று மாமி சொன்னா. பயப்படாதை பிள்ளை. போன செவ்வாய்க்கிழமை மாமியின்ரை கார்டெறிக்கு, அதுதான் வீட்டில வைச்சுப் பிள்ளை பாக்கிற இடத்துக்கு, இன்ஸ்பெக்சன் வந்தது. அதில பிழைச்சால் அனுமதி போச்சு, ஒன்பது வருச உழைப்புப் போச்சு, ஆறு தாய்மார் வேலைக்குப் போகேலாமல் எங்கட வாசல்ல வந்து நிப்பினம். கடிதம் வந்த நாளிலயிருந்து மாமிக்குச் சோறு இறங்கேல்லை. நான் சொன்னன், "இஞ்சை பார் செலீன், பிள்ளையளை நீ பார், பேப்பரை நான் பாக்கிறன்." அதுக்கு அவ, "ஐயோ, நீங்கள் தொடாமல் இருந்தாலே போதுமப்பா, எல்லாம் கொப்பியில கிடக்கு" எண்டா. பயத்தில சொல்லுறா எண்டு விளங்கிச்சு. நான் மன்னார்க் கச்சேரியில, கவுண்மேந்துக் கந்தோரில, இருந்தவன் எண்டது உனக்குத் தெரியும்தானே? கச்சேரியில இல்லை, கச்சேரிக்கு முன்னால அரிசி நிறுக்கிற சங்கக்கடையில எண்டு உன்ரை அம்மா சொல்லுவா. அக்காவுக்கு என்னில எப்பவும் ஒரு எரிச்சல்.

கொப்பியைத் திறந்தன், தலை சுத்திச்சு. ஒவ்வொரு நாளும் பிரெஞ்சில வரவு எழுதித் தாய்மாரிட்டைக் கையெழுத்தும் வாங்கித்தான் இருக்கிறா, ஆனா என்ன பேர் எழுதியிருக்கிறா? எல்லாம் செல்லப்பேர். சூட்டி வந்தாள். பபா வந்தான். குஞ்சனுக்கு இருமல். அப்பன் வரேல்லை. நீயே சொல்லு, கவுண்மேந்துக்குக் குஞ்சன் ஆரெண்டு தெரியுமோ? உடனை நான் விண்ணப்பப் படிவங்களை எடுத்து, அதில கிடந்த ஞானஸ்நானப் பேருகளைப் பாத்து, ஜனவரி தொடக்கம் முழு வரவையும் புதுசா எழுதினன். சிவப்பு மையில கோடு, நீல மையில பேர். மரிய கொன்செலாற்றா, அன்ரனி பிரான்சிஸ், யூதா ததேயு எண்டு எழுத எழுத அந்தக் கொப்பிக்கே ஒரு பங்குக் கோயில் களை வந்திட்டுது. மூண்டு நாள் பச்சைத்தண்ணி குடிக்கேல்லை, மாமி மேசைக்குக் கொண்டுவந்து தந்த தேத்தண்ணிதான். பழைய கொப்பியையும் நான் எறியேல்லை. பேப்பர் பாரமா இருந்தாத்தான் மரியாதை எண்டு ரெண்டையும் சேர்த்து ஒரே பைலில கட்டினன். வீட்டில இருக்கிற பெரியாக்களில குற்றம் ஒண்டும் இல்லையெண்டு பொலிஸ் பேப்பர் ஒண்டும் வேணும். மாமிக்கு அது எப்பவோ வந்திட்டுது. என்ரையை நானே கைப்பட நிரப்பி ஏப்ரல் மாசமே அனுப்பினனான். இதெல்லாம் நீயும் பழகிக்கொள்ளவேணும்.

செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்கு வந்திறங்கினா இன்ஸ்பெக்டர் அம்மா, மடம் கிஸ்லேன். ஆறடி உயரம், பின்னால பைல் தூக்க ரெண்டு உதவியாளர். மாமி என்னை டவுன்டவுன் பக்கம் போய்ப் பின்னேரம் வாங்கோ எண்டுதான் சொன்னவ. ஆனா பந்தி தொடங்க முந்திச் சமையல்காரன் ஓடுவானோ? நான் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல், நடையிலயிருக்கிற கோட்டு அலுமாரிக்குள்ள நிண்டு மேற்பார்வை செய்தன். மடம் பைலைப் பிரட்டினா. பிறகு திருப்பிப் பிரட்டினா.

"மடம் செலீன், உங்களுக்கு அனுமதி ஆறு பிள்ளைக்கு. இதில பன்னிரண்டு கிடக்கே?"

"இல்லை மடம், ஆறுதான்."

"இந்தா, நேற்றுப் பன்னிரண்டும் வந்திருக்கு. மிச்சம் ஆறும் எங்கை?"

"மிச்சம் எண்டு ஒண்டும் இல்லை மடம், சத்தியமா!"

மடம் நம்பேல்லை. புது வரவைக் கையில வைச்சுக்கொண்டு, "மரிய கொன்செலாற்றா!" எண்டு கூப்பிட்டா. ஒரு பிள்ளையும் அசையேல்லை. "அன்ரனி பிரான்சிஸ்!" எண்டா. எங்கட பபா, ஆரோ புது ஆள் வருகினம் எண்டு வாசலை எட்டிப் பாத்தான். அவன்தான் அன்ரனி பிரான்சிஸ்! ஆறு பேரைக் கூப்பிட்டும் ஆறு பிள்ளையும் வாயைப் பிளந்துகொண்டு இருக்க, மடம் எழும்பினா. குளியலறையைப் பாத்தா, கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா, கடைசியா அலுமாரியைத் திறந்தா. உள்ளுக்கை, ஸ்னோ கோட்டுகளுக்கு நடுவில, நான். "பொன்ஜூர்" எண்டன். எந்த நிலையிலும் மரியாதை தவறக்கூடாது பிள்ளை.

மாமி நெஞ்சில கையை வைச்சிட்டா. அவவின்ரை கார்டெறி அந்த ஒரு நிமிசத்தில தொங்குது. அப்ப நான் வெளியில வந்து, தோளில கொழுவியிருந்த கோட்டைக் கழட்டி வைச்சிட்டு, பிரெஞ்சில ஒரு விளக்கம் குடுத்தன் பார்: "மடம், எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ரெண்டு பேர். ஒண்டு கோயிலுக்கு, மற்றது சோறு தின்னக் கூப்பிட." அவ்வளவுதான். மடம் ரெண்டு கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தா. பிறகு சிரிச்சா, சிரிச்சுச் சிரிச்சுப் பிள்ளையளின்ரை சின்னக் கதிரையில இருந்திட்டா. "எங்கட வீட்டில எட்டுப் பொம்பிளைப் பிள்ளையள். கோயில் புத்தகத்தில எட்டுப்பேரும் மரி. அம்மா மரி எண்டு கூப்பிட்டிருந்தா ஒருத்தியும் சாப்பிட வந்திருக்கமாட்டாள்" எண்டு சொல்லி, தானே பேனையை எடுத்துக் குஞ்சனுக்குப் பக்கத்தில யூதா ததேயு, சூட்டிக்குப் பக்கத்தில மரிய கொன்செலாற்றா எண்டு ஆறையும் சோடி சேர்த்துக் கீழ கையெழுத்து வைச்சா. மாமி கண்ணைத் துடைச்சுக்கொண்டு றோல்ஸ் பொரிக்கப் போனா.

ஆகவே உன்ரை பேப்பர்களைப் பற்றி நீ ஒரு கவலையும் படாதை. சிவப்பு மையோட வாற சனிக்கிழமை பஸ்ஸில வாறன். மருமகனுக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தங்களைக் கொடுக்கவும். மடு மாதா உங்கள் எல்லோரையும் இன்ஸ்பெக்டர்மாரிடமிருந்து காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
செ. வலன்ரைன் என்கிற குட்டித்தம்பி

பி.கு.: நீ எப்படியும் மாமிக்கு ரெலிபோன் எடுப்பாய். அவ சொல்ல முந்தி நானே சொல்லிப்போடுறன். உதவியாளர் ஒருத்தரும் வரேல்லை. மடமும் என்ரை தோளுக்குத்தான் வருவா. அந்த விளக்கம் குடுத்தது சூட்டி. நாலரை வயசு, வடிவான பிரெஞ்சு. நான் சொன்னது "பொன்ஜூர்" மட்டும், அதுவும் கோட்டுக்குள்ள நிண்டு. மாமிக்கு அனுமதி கிடைச்சது உண்மை, மாதா சாட்சி. ஆனா வெளிக்கிட முந்தி மடம், "இந்த அலுமாரிக்காரர் ஆர்?" எண்டு கேட்டா. மாமி, "என்ரை மனுசன், வலன்ரைன்" எண்டா. பைலில வலன்ரைனுக்குப் பொலிஸ் பேப்பர் இல்லை. நான் நிரப்பி அனுப்பினது குட்டித்தம்பி எண்டு. மொன்றியல் முழுக்க என்னை அப்பிடித்தானே தெரியும்! குட்டித்தம்பியில ஒரு குற்றமும் இல்லையெண்டு பொலிஸ் எழுதியிருக்கு. ஆனா வலன்ரைன்ரை பேப்பர் வருமட்டும், பிள்ளையள் நிக்கிற நேரத்தில, காலமை ஏழு மணியிலயிருந்து பின்னேரம் ஆறு மணி மட்டும், நான் வீட்டுக்குள்ள நிக்கக்கூடாதாம். எட்டுக் கிழமை, ரெண்டு மாசம், செல்லுமாம். குளிரும் தொடங்கிட்டுது. இந்த மேசையில இருந்து என்னை எழுப்புறதுக்கு இப்ப மூண்டாம் தரமும் காவல்காரன் வந்திட்டான். ஆனபடியால் மருமகளே, நீ கார்டெறி தொடங்கிறதை டிசம்பரில நத்தார் கழியுமட்டும் கொஞ்சம் தள்ளிவை. அதுமட்டும் நீ பிள்ளையளுக்கெண்டு ஒதுக்கின அந்த அறையில நான் படுக்கிறன்.