அரைக்கட்டை துரோகம்

மைக் டெஸ்டிங்கில் வஞ்சம் தீர்த்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அம்பத்தூரில் இருக்கிறார். அவர் தீர்த்துக்கொண்டது என்மேல். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், என்னை நன்றி கெட்டவன் என்று ஒலிபெருக்கியில் கேட்காத கல்யாண மண்டபம் ஒன்றுகூட பாக்கியில்லை.

பெயர் எக்கோ. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், எங்களுக்கு எக்கோதான். ஆறு பேர் சேர்ந்து நடத்திய மெல்லிசைக் குழுவில் அவர் பாடகர், நான் கீபோர்டு. மைக்கைப் பிடித்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "எக்கோ ஏத்து நைனா." சவுண்டு சர்வீஸ்காரர் ஏற்றுவார். "இன்னும் ஏத்து." பாடிய பல்லவி சுவரில் முட்டித் திரும்பி வந்து, பாடிக்கொண்டிருக்கும் சரணத்தோடு மோதினால்தான் அவர் முகத்தில் திருப்தி வரும்.

இந்த வியாதி மேடையோடு நிற்கவில்லை. டீக்கடையிலும் எக்கோதான். "மாஸ்டர், ஒரு டீ, சக்கரை கம்மி... கம்மி." பஸ்ஸில், "திருவேற்காடு ஒண்ணு... ஒண்ணு." கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துச் சண்டையே வந்திருக்கிறது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் மிதித்து நான் அவர் வீட்டுக்குப் போனால், "வாடா, துன்னியா... துன்னியா?" என்பார். கோபம் வந்தால் மட்டும் எக்கோ வராது. வெட்டினாற்போல் ஒரே தடவை. அதை வைத்துத்தான் அவர் மனநிலையை நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இனி சண்டைக்கு வருகிறேன். கொஞ்சம் இருங்கள், தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். கட்டை கூடினால் குரல் இன்னும் மேலே ஏற வேண்டும். எக்கோ கொடிகட்டிப் பறந்தது ஐந்து கட்டையில். அவருக்கென்றே ஒரு பாட்டு இருந்தது. சரணத்தின் கடைசியில் குரல் உச்சிக்குப் போய் நிற்க வேண்டும். இளவயதில் நின்றது. நாற்பதைத் தாண்டியபின் கழுத்து நரம்பு மட்டும் மேலே போகும், குரல் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். ஒரு வரவேற்பில் கிறீச்சென்று உடைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். அன்றைக்குத் திரும்பும் வேனில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தொண்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

என் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் விரல் அதே இடத்தில் வாசிக்கும், சத்தம் மட்டும் அரைக்கட்டை இறங்கிவிடும். அடுத்த கச்சேரியில் அமுக்கினேன். குரல் உச்சியில் போய் ஜம்மென்று நின்றது. மேடையிலிருந்து இறங்கி வந்து, "பாத்தியாடா, அஞ்சு கட்டை. தொண்டை அப்டியே கீது... கீது" என்றார். ஆமாம் அண்ணாத்தே என்றேன். குழுவில் மற்ற எல்லாருக்கும் விஷயம் தெரியும். வாயை மூடிக்கொண்டு பல வருஷம் அந்தப் பாட்டை அரைக்கட்டை கீழே வாசித்தோம். இதற்குப் பெயர் துரோகமா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பழைய புல்லாங்குழல்காரர் விலகிப்போக, பூந்தமல்லியிலிருந்து புதியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். முகப்பேரில் ஒரு வரவேற்பு. எக்கோ வழக்கம்போல் "அஞ்சு கட்டை" என்று அறிவித்தார். புதியவர் ஐந்து கட்டைக் குழலை எடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன். அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். எக்கோ பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குபா கொயல மாத்துற?"

"கீபோர்டு அண்ணன் இந்தப் பாட்டை எப்பவும் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிப்பாராம். குழல்ல பொத்தான் கிடையாதுங்களே, மாத்தித்தானே ஆகணும்" என்றார் அந்த மகராசன். அவர் முன்னால் இருந்த மைக் உயிரோடு இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்பட மண்டபமே கேட்டது.

எக்கோ என் பக்கம் திரும்பினார். "எத்தினி வர்சமா?"

நான் பொத்தானைக் கையால் மறைத்தேன்.

"என் தொண்டைக்கு நீ முட்டுக் குடுத்துக்கினு இருந்தியா? ஊரே கைதட்டுச்சே, அது உன் பொத்தானுக்கா?" எக்கோ இல்லை, ஒரே தடவை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றோடு குழு உடைந்தது.

போனவர் சும்மா போனாரா? கரோக்கிக்குப் போனார். வாத்திய இசையையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, கறுப்புக் கயிற்றில் கோத்துத் தாயத்து மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டுவார். "அஞ்சு பேர வேன்ல ஏத்திக்கினு நாயா அலைஞ்சேன். இப்ப எல்லாம் நெஞ்சுல தொங்குது பாரு. பிரியாணி பத்தலன்னு இது கேக்காது. முதுவுல குத்தாது." நாங்கள் இல்லாமல் பாடினார் என்பதுகூடப் பரவாயில்லை. நான் முதுகில் குத்தியவன் என்று நம்பிக்கொண்டே பாடினாரே, அதுதான் வலித்தது. ஆனால் அந்தப் பாட்டை மட்டும் அவர் எங்கேயும் பாடவில்லை என்று கேள்விப்பட்டேன். பென் டிரைவ் யாருக்காகவும் அரைக்கட்டை இறங்காது.

கூடவே சவுண்டு சர்வீஸும் தொடங்கினார். மிச்சமிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நான் குழுவை நடத்தினால், போகிற இடத்திலெல்லாம் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருப்பது அவர். "ஹலோ. செக். ஒன். டூ. கீபோர்டு வாசிக்கிறவன் நன்றி கெட்டவன். த்ரீ." ஆடி மாதம் கூழுக்குத் தூக்குவாளியோடு நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். திருமழிசைப் பக்கம் ஒரு பெரியவர் மனசு கேட்காமல் அருகில் வந்தார்.

"இன்னா நைனா பண்ணே அவருக்கு?"

"அரைக்கட்டை இறக்கினேன் ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மீதிக் கட்டயையும் எறக்கிக் குடுத்துடு. வெறவுக் கடைக்காரன் பொயப்பு பாவம்."

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் மைக்கைப் பிடுங்கி, "ஹலோ, செக், ஒன், டூ, தொண்டை போனவன் யாரு, த்ரீ" என்றேன். அந்தக் கச்சேரி முழுக்க என் கீபோர்டு எனக்கே கேட்கவில்லை.

போன தை மாதம் திருவேற்காட்டில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் எங்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். வாசலில் ஆளுயர பேனரில், பெண்ணின் அப்பா என்று எக்கோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். கல்யாண வீடாயிற்றே.

"நீயா" என்றார் நேரில். ஒரே தடவை.

பாதிக் கச்சேரியில் மாப்பிள்ளையின் அப்பா மைக்கை வாங்கினார். "எங்க சம்பந்தி பெரிய பாடகராம். ஒரு பாட்டு பாடியே ஆகணும்." மணப்பெண் நாற்காலியிலிருந்தே, "அப்பா, உன் பாட்டு பாடுப்பா" என்றாள். எக்கோவின் முகம் செத்துவிட்டது. அதற்குள் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். மேடையேறினார். என்னைப் பார்க்காமல், "அஞ்சு கட்டை" என்றார்.

எனக்குள் அப்படியொரு ஆத்திரம் கிளம்பியது. எத்தனை மண்டபம், எத்தனை கோயில் வாசல், எத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டிய வாய் இது. ஐந்தா, ஐந்திலேயே பாடு. கிறீச்சிடட்டும், புதுச் சம்பந்தி கேட்கட்டும், பொத்தானைத் தொட்டால் என் கையை நானே உடைப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் பட்டுச் சட்டைக்கு மேல் தொங்கிய பென் டிரைவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொண்டையைத் தடவினார். வேனில் தடவினாரே, அதே மாதிரி.

சனியன் பிடித்த மனுஷா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். கோபத்தில் இரண்டு தடவை அமுக்கிவிட்டேன். குழல்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினேன். அவர் இந்த முறை பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குழலை மாற்றினார்.

குரல் உச்சிக்குப் போய் நின்றது மட்டுமில்லை, அங்கே உட்கார்ந்து காற்று வாங்கியது. மண்டபம் அதிர்ந்தது. மணப்பெண் அழுதாள். சம்பந்தி கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் வயர் சுற்றும்போது எக்கோ வந்தார்.

"எத்தினி எறக்கின?"

"எறக்கல அண்ணாத்தே."

"டேய், தொண்டை என்னுது. முயுக் கட்டை எறக்கிட்ட. அவ்ளோ கெயவன்னு நென்ச்சிக்கினியா? அரை போதும்டா."

வெட்டினாற்போல் ஒரே தடவை. சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். ஒரு நன்றி கிடையாது, ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லக் கிடையாது. வீடு வந்து சேரும்வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் அம்பத்தூரில் கச்சேரி. பாக்ஸ் அவருடையதுதான். நான் கீபோர்டை மேஜையில் வைக்கும்போது ஆரம்பித்துவிட்டார்.

"ஹலோ. செக். ஒன். டூ. கீபோர்டு வாசிக்கிறவன் நன்றி கெட்டவன்... கெட்டவன். த்ரீ."

மிக்ஸரில் எக்கோ ஏற்றியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். ஏற்றவில்லை.