அறுபத்து மூன்று செய்திகளும் ஒரு ரோஜாப்பூவும்

14ஆம் தேதி, புதன்கிழமை, காலை மணி 6.10. நேற்று ஒரே நாளில் நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய செய்திகள்: 63. அதில் ஒன்று ரோஜாப்பூ. மற்றதெல்லாம் கெட்ட செய்தி.

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உலகத்தில் யாருமே நலமாக இல்லை என்று விடிவதற்குள் நாலு தடவை நீங்களே தெரிவித்துவிடுவதால், அந்த வரியை மரியாதைக்காக மட்டும் வைத்துக்கொள்ளவும். போனில் அனுப்பாமல் இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் அனுப்பினால் இதையும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவீர்கள், அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினீர்கள், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்றதும், உலகத்தில் எது எதோடு மோதினாலும் முதல் ஆளாக ஏன் எங்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்? எங்கோ வெள்ளம் என்று அனுப்பினீர்கள், அம்மா அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. எங்கோ வறட்சி என்றீர்கள், குக்கர் வரைக்கும் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டாள். சோறு வைக்கப் பாத்திரம் இல்லை. மின்கசிவால் தீ என்றீர்கள், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள், பால் கெட்டது. எங்கோ விமானம் விழுந்தால் எனக்கு போன். "டேய், எங்கடா இருக்க?" "வேலையிலம்மா." "தரையிலதான?" மாமா, நான் பிறந்ததிலிருந்து விமானத்தில் ஏறியதே இல்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அக்காவுக்கு இது ஒன்பதாவது மாதம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் அம்மா போய்க் கூட இருப்பதாக ஏற்பாடு, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போன வாரம் தடம் புரண்ட ரயில் ஒன்றை வீடியோவோடு அனுப்பினீர்கள். அன்று சாயங்காலம் அம்மா, "இப்ப ரயில்ல எல்லாம் என்னால போக முடியாதுடா" என்றாள். எத்தனை கோடி பேர் போனால் எத்தனை பேருக்கு விபத்து என்று நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காபி வேணுமா?" என்றாள். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பரவாயில்ல விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாத்துக்கறேன் என்று சொன்ன குரல் பார்த்துக்கொள்ளும் குரலாக இல்லை.

சரி, நானே இறங்கினேன். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும்: குடிநீர் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை. பம்பு சூடானாலும் தொட்டி நிரம்பினாலும் அங்கே அலாரம் அடிக்கும். எங்கள் தொழிலில் ஒரு விதி. அலாரம் அடித்தால் ஆபரேட்டர் செய்ய ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் அது அலாரம் இல்லை, வெறும் சத்தம், பிடுங்கி எறி. போன வருஷம் எங்கள் அலாரத்தில் பாதியை இப்படித்தான் நான் பிடுங்கினேன். அதே விதியை உங்களுக்கும் போட்டேன். அம்மா போனில் ஒரு சின்னப் புரோகிராம். நீங்கள் அனுப்புவதில் வெள்ளம், தீ, விபத்து, ஆபத்து, சாவு என்று ஒரு வார்த்தை இருந்தாலும் அது அம்மாவிடம் போகாது, என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். திங்கட்கிழமை காலை போட்டேன்.

இரண்டு நாளில் இந்த வடிகட்டியில் தேறி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. காலை வணக்கம் என்று எழுதிய ரோஜாப்பூ.

வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா அந்தப் பூவைப் பார்த்த மாதிரி எந்த நிலநடுக்கத்தையும் பார்த்ததில்லை. "அவனுக்கு என்னமோ ஆயிடுச்சுடா. பூ அனுப்பியிருக்கான்!" உடனே உங்களுக்கு, "என்னடா ஆச்சு?" என்று போட்டாள். நீங்கள், "எனக்கு ஒரு ஆபத்தும் இல்லையே அக்கா" என்று பதில் போட்டீர்கள். ஆபத்து என்ற வார்த்தை இருந்ததா, புரோகிராம் அதைப் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டது. அம்மா மறுபடி, "ஏன்டா பதில் சொல்ல மாட்டேங்கிற?" நீங்கள் மறுபடி, "சொன்னேனே, விபத்து கிபத்து ஒண்ணுமில்ல." அதையும் பிடித்துவிட்டது. உங்கள் அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டியதில் தப்பே இல்லை. அம்மா உங்களுக்கு போன் அடித்தால் லைன் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் நீங்கள் எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

இதெல்லாம் நடக்கும்போது நான் ஷிப்டில் இருந்தேன். அறுபத்திரண்டையும் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போகாததால் எல்லாம் என் தலையில்தான் இறங்கியது. நான் செய்திப் பக்கம் போகாத ஆள். எனக்கு மதியம் சோறு இறங்கவில்லை. திரையில் தொட்டி மட்டம் ஆடாமல் அசையாமல் இருந்தது, எனக்குத்தான் எதுவோ வழிந்துகொண்டிருந்தது. சும்மா, பக்கத்தில் இருந்த ஆபரேட்டரிடம் (சோடாபுட்டி என்று கூப்பிடுவோம்), "அண்ணே, கடல் மட்டம் ஏறுதாம்" என்றேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆமாம்பா, நானும் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். டிபன் பாக்ஸை மறுபடி திறந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் வீட்டுக்குள் நுழையும்போது தையல்காரர் எங்கள் வாசலில் நிற்கிறார். கழுத்தில் டேப், கையில் பாதி தைத்த சட்டைக் கை. "அக்கா, கை கால் எல்லாம் அசையுதா? உங்க தம்பி பார்த்துட்டு வரச் சொன்னாரு." "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அவனுக்கு என்ன ஆச்சு?" "அவருக்கு ஒண்ணுமில்லக்கா. உங்களுக்குத்தான் என்னமோன்னு..." இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அப்பன் குதிருக்குள் இல்லை என்கிற முகம் எனக்கு வராது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்கு பேச வராதுடா. போன் போட்டா, ஆங், சரி, வைக்கிறேன், அவ்வளவுதான். உன் அத்தை இருந்தவரைக்கும் அவ பேசுவா, இவன் பக்கத்துல நிப்பான். அவ போனதுக்கப்புறம் இதைத்தான் அனுப்பறான். நான் ஒவ்வொண்ணுக்கும் 'பார்த்தேன்டா'ன்னு போடுவேன். வேற யாரு போடறாங்க அவனுக்கு?"

"அதுக்காக நீ எல்லாத்தையும் படிச்சுட்டுப் பயப்படணுமா?"

"பயமாத்தான் இருக்கு. அவனுக்கு மட்டும் இல்லையா? ரெண்டு பேரா இருந்தா கொஞ்சம் தேவலை."

"அப்ப ரயிலு?"

"ரயில் கவுந்துடும்னு நான் எப்படா சொன்னேன்? நீயா நினைச்சுக்கிட்டு நீயா காகிதத்துல போட்டுக் காட்டின. ஒரு பகல் முழுக்க சிக்னல் இருக்காது. அனுப்பிட்டு, பதில் வரலைன்னு போனையே பார்த்துட்டு உக்காந்திருப்பான்."

மாமா, எங்கள் பேனலில் ஒரு பொத்தான் உண்டு. அலாரம் அடித்ததும் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் எதுவும் சரியாகாது, விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு ஆள் பார்த்துவிட்டான் என்று மட்டும் அர்த்தம். அதற்கே சத்தம் நின்றுவிடும். அந்தப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு டீ குடிக்கும் ஆபரேட்டர்களோடு நான் நிறைய சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நேற்று தையல்காரர் போனில் நீங்கள் இருவரும் பேசியதையும் கேட்டேன். "இருக்கியா?" "இருக்கேன். போன்தான் ரிப்பேரு." "சரி, வைக்கிறேன்." என்னைக் காட்டிக்கொடுக்காமல் அம்மா சொன்ன பொய் அது. ரிப்பேர் செய்தவன் நான்தான்.

இவ்வளவும் புரிந்த பிறகும் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று அநியாயம். இனிமேல் ஒரு நாளைக்கு மூன்று. அதுவும் அம்மா எழுந்து போய் ஏதாவது செய்யக்கூடிய செய்தியாக இருக்க வேண்டும். ரயில் விஷயத்துக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இது கண்டிப்பு.

மாத்திரையை நேரத்துக்குப் போடவும். என்னைத் திட்டிவிட்டு ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு. மணி 9.20. புரோகிராமைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். ஆனால் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வழக்கமாக இந்நேரத்துக்கு இரண்டு தீ, ஒரு புயலாவது வந்திருக்கும். அம்மா போனை அடுப்படி ஜன்னலில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறேன். அடுத்து நான் செய்யப்போவது:

1. இன்னும் பத்து நிமிஷம் பொறுப்பேன்.

2. உங்களுக்கு போன் அடிப்பேன். "ஆங், சரி" வரைக்கும் விடுவேன். வைக்க விடமாட்டேன்.

3. எடுக்காவிட்டால் உங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரரை அனுப்பிக் கதவைத் — இருங்கள், போன். அம்மாவுடையது இல்லை, என்னுடையது. ஆளே இல்லாத ஏதோ ஒரு தீவில் எரிமலை வெடித்திருக்கிறது. கீழே, "அக்கா போன் ரிப்பேராமே. அதான் உனக்கு அனுப்பறேன்." அப்பாடா! அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா?" என்கிறாள். "எரிமலைம்மா!" என்றேன். "நல்லவேளை" என்கிறாள்.

4. ஒரு நாளைக்கு மூன்று என்ற சட்டத்தை அடித்துவிடுகிறேன். அடித்த இடம் தெரியும், மன்னிக்கவும்.

5. வெள்ளிக்கிழமை வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையை உங்கள் பேரில் போடுகிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் போனை அப்படியே நீட்டிக் காட்டலாம்.

6. இதற்கெல்லாம் முன்னால் உங்களுக்கு ஒரு பதில் போட வேண்டும். போடுகிறேன்: பார்த்தேன், மாமா.